மனவலி ஸ்கேனில் தெரியுமா? தற்கொலை ஆபத்தை அது சொல்லுமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கும் கேள்வி இது. 26 வயதுத் தங்கைக்கு எட்டு மாதமாக மனச்சோர்வுக்குச் சிகிச்சை நடக்கிறது. "மனசு வலிக்குதுண்ணா, தாங்க முடியல" என்று அடிக்கடி சொல்கிறாள். மனவலி மூளை ஸ்கேனில் தெரியும், தற்கொலை ஆபத்தைக்கூட முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று எங்கேயோ படித்திருக்கிறார். புதுச்சேரிக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுக்கலாமா, எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கேட்கிறார்.

இந்தக் காரணத்துக்காக ஸ்கேன் எடுக்க வேண்டாம். ஒருவருடைய மூளைப் படத்தைப் பார்த்து இவர் தற்கொலைக்கு முயல்வாரா மாட்டாரா என்று சொல்லும் பரிசோதனை உலகத்தில் எந்த ஊரிலும் இன்று இல்லை. ஆனால் "மனசு வலிக்குது" என்று தங்கை சொல்கிறாளே, அதைத்தான் இந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இருபது வருடமாகத் துரத்திக்கொண்டிருக்கின்றன. ஸ்கேனை விடலாம், அந்தச் சொல்லை விடக் கூடாது. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: சாக வேண்டும் என்ற பேச்சு இன்றே வந்துகொண்டிருந்தால் மீதியைப் பிறகு படியுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இப்போதே அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

மனவலி என்பதை மருத்துவ உலகம் தனியாகக் கவனிக்கத் தொடங்கியது 1993-இல். எட்வின் ஷ்னைட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் தற்கொலையின் மையத்தில் இருப்பது நோயின் பெயர் அல்ல, தாங்க முடியாத உள்வலி என்று எழுதி, அதற்கு 'சைக்கேக்' என்று ஒரு புதுச் சொல்லையே உண்டாக்கினார். பல்வலி, தலைவலி போல இது மனசுவலி. தமிழில் நமக்கு அந்தச் சொல் முன்பே உண்டு. 2001-இல் கனடாவின் ரொனால்டு ஹோல்டன் குழு 13 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தது. 2014-இல் சீனாவில் ஒரு குழு 17 கேள்விகளில் இதை மூன்றாகப் பிரித்தது: வலி கிளம்புவது, வலியை உணர்வது, வலியிலிருந்து எப்படியாவது தப்பிக்கத் துடிப்பது. மூன்றாவதுதான் தற்கொலை எண்ணத்தோடு நெருங்கிப் போகிறது என்று அவர்கள் கண்டார்கள். "ரொம்ப வலிக்குது" என்பதும் "இது முடிஞ்சா போதும்" என்பதும் ஒன்றல்ல. தங்கை எதைச் சொல்கிறாள் என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

இந்த வலியை எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற ஸ்கேனில் எப்படித் தேடுகிறார்கள்? சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவத்தை எடுக்கிறது. எஃப்.எம்.ஆர்.ஐ. அதே மெஷினில் எடுப்பதுதான். மூளையில் ஓரிடம் வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாக வரும். ரத்தத்தின் காந்தத் தன்மை அதனால் சற்று மாறும். 1990-இல் செய்ஜி ஒகாவா கண்டுபிடித்த இந்த மாற்றத்தைத்தான் மெஷின் அளக்கிறது. ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஒரு முறை முழு மூளையையும் 3 மில்லிமீட்டர் கட்டங்களாக எடுக்கும். ஒரு கட்டத்துக்குள் பல லட்சம் நரம்பணுக்கள் இருக்கின்றன. மாற்றம் ஒன்றிரண்டு சதவீதம்தான், அதுவும் ஐந்தாறு நொடி தாமதமாகத்தான் உச்சத்துக்கு வரும். படத்தில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் எரிகிற இடம் புகைப்படம் எடுத்தது போல வந்ததல்ல. பல தடவை எடுத்துச் சராசரி பார்த்து, கணக்குப் போட்டு, மேலே நிறம் பூசியது.

மனவலி ஆய்வுக்கு வருகிறவரிடம் முதலில் உட்கார்ந்து பேசுவார்கள். அவருடைய மிக மோசமான நேரத்தை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, அவர் சொன்ன சொற்களைச் சிறு வாக்கியங்களாகக் கோர்த்துக்கொள்வார்கள். அறைக்குள் போகும் முன் உடம்பில் உள்ள உலோகத்தை எல்லாம் கழற்ற வேண்டும். நம் ஊரில் இதில் நழுவுவது தாலிக்கொடியில் கோர்த்திருக்கும் ஊக்கு. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, இரும்பு ஊக்கை இழுக்கும். 3 டெஸ்லா மெஷினின் காந்தம் பூமியின் காந்தத்தைப் போல ஏறக்குறைய 60,000 மடங்கு. அறைக்குள் கால் வைத்ததும் ஊக்கு பறக்கும். புடவை பின், ஹேர்பின், கொலுசு, தாயத்து எல்லாமே வெளியில்தான். பிறகு காதில் அடைப்பான், தலைக்கு இருபுறமும் ஸ்பான்ஜ். தடதடவென்று சத்தம் போடும் குழாய்க்குள் படுத்து, அவருடைய வாக்கியங்களையே அவர் மறுபடி எதிர்கொள்வார். இடையிடையே பல் தேய்ப்பது, காய் நறுக்குவது போன்ற சாதாரண வாக்கியங்களும் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் 'மனவலியின் படம்' என்கிறோம்.

பெரிய சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. உண்மையாக வலிப்பவர் அழுவார். அழுதால் தலை அசையும். அரை மில்லிமீட்டர் அசைந்தாலே தரவு கெடும், அதிகம் அசைந்தவர்களை ஆய்விலிருந்தே நீக்கிவிடுவார்கள். விம்மினால் மூச்சு மாறும். மூச்சு மாறினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு மாறும், அதனாலேயே மூளையின் ரத்த ஓட்டம் மாறும். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதன் விளைவும் கலந்திருக்கும். மிகக் கடுமையான ஆபத்தில் இருப்பவரை அந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து அவர் வேதனையைக் கிளறுவது நியாயமும் இல்லை. ஆக, யாரைப் பற்றி நாம் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டுமோ அவர்கள்தான் இந்த ஆய்வுகளில் குறைவாக இருக்கிறார்கள்.

இவ்வளவையும் மீறிக் கிடைத்தவை உண்டு. 2003-இல் நயோமி ஐசன்பெர்கர் குழு 13 பேரைக் கணினியில் ஒரு பந்து விளையாட்டு விளையாட வைத்து, நடுவில் அவர்களுக்குப் பந்தே வராமல் செய்தது. ஒதுக்கப்பட்ட அந்த நேரத்தில் மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய முன் சிங்குலேட் என்ற இடம் தூண்டப்பட்டது. உடம்பு வலியின் வேதனையிலும் அதே இடம்தான் தூண்டப்படும். 'மனவலியும் உடல்வலியும் ஒன்றே' என்று செய்திகள் பரவியது அங்கிருந்துதான். 2014-இல் சுங்வான் வூ, டோர் வேகர் குழு காதல் முறிந்தவர்களிடம் கட்டம் கட்டமாகப் பார்த்தபோது, இடம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அமைப்பு வேறு என்று தெரிந்தது. புதுச்சேரி காந்தி சிலை அருகே ஞாயிறு சாயங்காலமும் கூட்டம், ஆகஸ்ட் 15 காலையிலும் கூட்டம். மேலே நின்று தலையை மட்டும் எண்ணினால் இரண்டும் ஒன்று. யார் எங்கே எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்தால் வேறு. மனவலி உடல்வலியின் நகல் இல்லை, ஆனால் அதுவும் உடம்பில் நடக்கிற ஒன்று. "எல்லாம் உன் நெனப்புதான்" என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்த அளவுக்கு மட்டும் உறுதியாகப் பதில் சொல்லலாம்.

என் பார்வையில் உங்களுக்கு மிகவும் உதவக்கூடிய ஆய்வு, சிறியதாக இருந்தாலும், 2010-இல் தாமஸ் ரைஷ் குழு வெளியிட்டது. முன்பு தற்கொலைக்கு முயன்று பிழைத்த எட்டுப் பெண்கள், மேலே சொன்ன முறையில் ஸ்கேனுக்குள் தங்கள் மனவலி நேரத்தை நினைவுகூர்ந்தார்கள். அப்போது நெற்றிக்குப் பின்னால், திட்டமிடவும் மாற்று வழி யோசிக்கவும் உதவும் பகுதிகளில் செயல்பாடு குறைந்தது. எட்டுப் பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் பிழைத்தவர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது: வலி உச்சத்தில் இருக்கும்போது வேறு வழி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார்கள். வலி ஏறிய நேரத்தில் தங்கையிடம் "யோசிச்சுப் பாரும்மா, உனக்கு என்ன குறை" என்று வாதாடுவது பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். யோசிக்கிற வேலையை அந்த நேரத்துக்கு விட்டுவைக்காமல் முன்னாலேயே முடித்துவைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று கீழே வருகிறேன்.

பெரிய அளவில் பார்த்தவையும் இருக்கின்றன. 2020-இல் லியான் ஷ்மால் தலைமையில் இருபது ஆண்டு ஸ்கேன் ஆய்வுகள் 131-ஐத் தொகுத்தார்கள், 12,000 பேருக்கு மேல். நெற்றிப்புறத்தின் உள்-கீழ்ப் பகுதி தற்கொலை எண்ணத்தோடும், மேல்-பக்கப் பகுதிகள் எண்ணத்திலிருந்து செயலுக்குத் தாவுவதோடும் தொடர்புடையவை என்று ஒரு வரைபடம் கிடைத்தது. 2021-இல் 18,925 பேரின் படங்களை ஒப்பிட்ட எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டாய்வில், முயற்சி செய்தவர்களுக்கு மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ், பாலிடம் போன்ற இடங்கள் சராசரியில் கொஞ்சம் சிறியவை. 'சராசரியில்', 'கொஞ்சம்' என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டு இதைப் படிக்கக் கூடாது. ஆண்கள் சராசரியில் பெண்களைவிட உயரம், ஆனால் ஒருவருடைய உயரத்தை மட்டும் சொன்னால் அவர் ஆணா பெண்ணா என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? இந்த மூளை வித்தியாசம் அதைவிடவும் பலமடங்கு சிறியது.

நீங்கள் படித்த செய்தி அநேகமாக 2017 ஆய்வைப் பற்றியதாக இருக்கும். மார்செல் ஜஸ்ட் குழு தற்கொலை எண்ணம் உள்ள 17 பேரையும் இல்லாத 17 பேரையும் ஸ்கேனுக்குள் 'மரணம்', 'கவலையற்ற' போன்ற சொற்களை யோசிக்கச் சொன்னது. கணினி 91 சதவீதம் சரியாகப் பிரித்துவிட்டது என்று அறிவித்தார்கள், உலகம் முழுக்கச் செய்தியானது. கணக்கு முறையில் கோளாறு இருப்பதை மற்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்ட, 2023-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வெளியான செய்தி சுற்றிய வேகத்தில் திரும்பப் பெற்ற செய்தி சுற்றவில்லை. அதனால்தான் இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், தவறு உங்களுடையதல்ல.

இப்படி ஏன் நடக்கிறது? ஒரு லட்சம் கட்டங்களில் ஒவ்வொன்றாகத் தேடினால் தற்செயலாகவே ஆயிரக்கணக்கில் 'எரியும்'. 2009-இல் கிரெய்க் பென்னட் குழு செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனில் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டியது. இந்தத் தற்செயலைத் திருத்தாமல் கணக்குப் போட்டதில் மீன் மூளையிலும் செயல்பாடு தெரிந்தது. 2020-இல் ஒரே தரவை 70 குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே மாதிரி கணக்குப் போடவில்லை, முடிவுகளும் பல இடங்களில் மாறின. 2022-இல் ஸ்காட் மாரெக் குழு, மூளைப் படத்தையும் நடத்தையையும் இணைக்கும் ஆய்வுகளுக்கு ஆயிரக்கணக்கானவர் தேவை என்று காட்டியது. 17, 20, 30 பேர் என்று நடப்பவைதான் அதிகம்.

சரி, நாளைக்கே இதெல்லாம் சீராகி 90 சதவீதம் துல்லியமான ஸ்கேன் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சிகிச்சையில் இருக்கும் 1,000 பேரில் ஓர் ஆண்டில் 10 பேர் முயற்சி செய்வார்கள் என்று கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் அந்தப் பத்தில் 9 பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் 99 பேரைத் தவறாக 'ஆபத்து' என்று சொல்லும். மொத்தம் 108 பேருக்குச் சிவப்பு முத்திரை, அதில் உண்மை 9. அதைவிடக் கொடுமை தப்பிப்போன அந்த ஒருவர். "ஸ்கேன் நார்மல்" என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டார் அசந்துவிடுவார்கள். எனக்குப் பயம் இந்தத் தாளைப் பற்றித்தான். 'பிரெய்ன் மேப்பிங்' என்ற பெயரில் கலர் படம் கொடுத்து மனநோயையும் ஆபத்தையும் கண்டுபிடித்துத் தருவதாக யாராவது சொன்னால் பணம் கட்ட வேண்டாம். மனநோயைக் கண்டறிய எந்த மூளைப் படமும் இன்னும் தேறவில்லை என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஆய்வுக்குழுவே 2018-இல் சொல்லியிருக்கிறது.

மருத்துவரே எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தால் எடுங்கள், அது வேறு. வலிப்பு, வாந்தியோடு தலைவலி, கை கால் பலம் குறைவது, தலையில் அடி, ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக வரும் சோர்வு, திடீரென்று குணம் மாறிப்போவது போன்றவை இருந்தால் கட்டி, ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ள எடுப்பார்கள். தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் ரத்தப் பரிசோதனைகள் அதைவிட மலிவு, பெரும்பாலும் அதைவிடப் பயன். எஃப்.எம்.ஆர்.ஐ. நேரடியாகச் சிகிச்சைக்கு உதவும் ஒரு முறையும் உண்டு. அமெரிக்காவில் 2022-இல் அனுமதி பெற்ற, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான, மனச்சோர்வுக்கான காந்தத் தூண்டல் முறையில், நெற்றிப்புறத்தில் எந்தப் புள்ளியில் தூண்ட வேண்டும் என்று அவரவர் ஸ்கேனைப் பார்த்துக் குறிக்கிறார்கள். ஒரு நாளைக்கு 10 தடவை, ஐந்து நாள். அங்கேயும் ஸ்கேன் இடத்தைத்தான் காட்டுகிறது, எதிர்காலத்தைச் சொல்வதில்லை.

ஆபத்து எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இன்று கையில் இருக்கும் கருவி கேள்விதான். கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. 2005-இல் மேடலின் கூல்டு குழு அமெரிக்காவில் 2,342 பள்ளி மாணவர்களிடம் சோதித்தது. கேட்டதால் எண்ணம் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, ஏற்கெனவே வேதனையில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் இறங்கவே செய்தது. தனியாக, டிவியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "உள்ள எவ்ளோ வலிக்குதும்மா, பத்துக்கு எத்தனை?" என்று தொடங்கலாம். பிறகு படிப்படியாக: "செத்துப்போனா தேவலைன்னு தோணுதா?" "உயிரை விட்டுடணும்னு நினைப்பு வருதா?" "எப்படின்னு யோசிச்சியா?" "செய்யணும்னு முடிவே பண்ணிட்டியா? அதுக்கு ஏதாச்சும் எடுத்து வச்சிருக்கியா?" "இந்த மூணு மாசத்துல ஏதாவது செய்யப் பார்த்தியா?" மருத்துவமனைகளில் பயன்படும் கொலம்பியா அளவுகோலும் கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான் போகும். முதல் இரண்டுக்கு ஆமாம் என்றால் அடுத்த சில நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்குப் பின் வரும் கேள்விகளில் ஒன்றுக்கு ஆமாம் வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை, அதுவரை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. பதில் கேட்டதும் "அப்படிச் சொல்லாதே, சாமி குத்தம்" என்று வாயை அடைத்துவிட்டால் அடுத்த முறை சொல்ல மாட்டாள். "சொன்னியே, அது போதும், நான் இருக்கேன்" என்றால் போதும்.

வலி குறைவாக இருக்கும் ஒரு நாளில் இருவரும் உட்கார்ந்து ஒரே தாளில் பாதுகாப்புத் திட்டம் எழுதுங்கள், அவள் கையெழுத்திலேயே. வலி ஏறப்போகிறது என்பதற்கு அவளுக்குத் தெரியும் அடையாளங்கள் (தூக்கம் போவது, போனை அணைத்துவைப்பது). தானே செய்து பார்க்கக்கூடியவை. போய் உட்காரக்கூடிய இடம், பேசக்கூடிய ஆட்கள். உதவி கேட்க வேண்டிய உறவினர் இருவர் பெயரும் எண்ணும். மருத்துவர், 14416. கடைசியாக, வீட்டில் ஆபத்தானவற்றை யார் எங்கே பூட்டிவைப்பது. உளவியலாளர்கள் ஸ்டான்லியும் பிரவுனும் உருவாக்கிய இந்த முறையை அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் 1,640 பேரிடம் பார்த்தார்கள். இந்தத் தாளோடு தொடர்ந்து போனில் விசாரித்தும் வந்ததில், ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த நடத்தைகள் 45 சதவீதம் குறைவு. பெரும்பாலும் தவறுவது எங்கே என்றால், எழுதிய தாள் மாத்திரை டப்பாவுக்குள் போய்விடும். போனில் படமாக அவளிடமும் உங்களிடமும் இருக்கட்டும்.

பூட்டிவைப்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே, காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊர்களில், மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழு பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில் பூட்டுப்போட்ட பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்து, அதன் பலனை 2013-இல் வெளியிட்டது. மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், பயனும் தெரிந்தது. தற்கொலை உந்துதல் பல சமயம் நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். நிலம் உள்ள வீடாக இருந்தால் பூச்சிமருந்தைக் கொல்லையிலிருந்து வெளியேற்றுங்கள். மாத்திரைகளை வாரத்துக்கு வாரம் நீங்கள் எடுத்துக்கொடுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் தற்கொலைகள் லட்சம் பேருக்குப் புதுச்சேரியில் 29.7, தமிழ்நாட்டில் 25.9, இந்தியா முழுக்க 12.4. நம் பகுதியில் இந்த முன்னெச்சரிக்கை எந்த வீட்டுக்கும் அதிகப்படி அல்ல.

எட்டு மாதமாகியும் வலி குறையவில்லை என்றால் சிகிச்சையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரை சரியான அளவில் நான்கிலிருந்து ஆறு வாரம் கொடுத்துப் பலன் பார்ப்பார்கள். தொடங்கியதும் அளவு மாற்றியதுமான முதல் வாரங்களில், அதிலும் 25 வயதுக்குக் கீழே, பதற்றம் கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. லித்தியம், மின் அதிர்வுச் சிகிச்சை, கேட்டமின் போன்றவற்றுக்கும் கடுமையான நிலையில் இடம் உண்டு. மருத்துவமனையில் சேர்த்தால், வீடு திரும்பிய முதல் மூன்று மாதம்தான் ஆபத்து அதிகம். நல்லா ஆயிட்டா என்று கவனத்தைத் தளர்த்துவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று தயங்க வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயற்சி செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் பார்க்கலாம். கோரிமேட்டில் ஜிப்மரின் மனநலப் பிரிவும் உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, பத்துக்கு எத்தனை என்று இந்த வாரம் தினமும் அவள் சொன்ன வலி எண், அந்தப் பாதுகாப்புத் தாள் மூன்றையும் எடுத்துப்போங்கள். உள்ளே போனதும் மருத்துவரிடம் தங்கையைத் தனியாகப் பேசவிட்டுவிட்டு நீங்கள் கொஞ்ச நேரம் வெளியில் உட்காருங்கள்.